மாஸ்டர் கை காட்டினால்

பந்துக்குக் காற்றடிக்கும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. கருவி வைத்து அளப்பவர்கள் உண்டு, எனக்குக் கட்டைவிரல் போதும். அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய், உடனே விரலைத் திருப்பித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வரும்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கையை நிறுத்தாமல் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் பயிற்சி இருக்கிறது, பாதிப் பந்துகள் இன்னும் தொளதொளவென்று கிடக்கின்றன.

அந்தக் கைபேசியை மேஜை நடுவில் வையுங்கள். ஜன்னல் பக்கம் வைத்தால் வெளியே பையன்கள் போடும் கூச்சல்தான் பதிவாகும். விசாரணை அதிகாரி என்றதும் யாரோ வயதானவர் வருவார் என்று நினைத்தேன். பரவாயில்லை, சின்ன வயதில் பொறுமை அதிகம் இருக்கும்.

கதவு உங்களிடம் வந்து பேசினான் என்று கேள்விப்பட்டேன். கதவு என்றால் எங்கள் பழைய கோல்கீப்பர். வந்த வருஷம் அடித்த பந்தையெல்லாம் உள்ளே விட்டான், அதனால் வந்த பெயர். பிறகு அவன் தேறிவிட்டான், பெயர்தான் தேறவில்லை. அவன் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதி. போன வருஷம் இறுதிப் போட்டி முடிந்த கையோடு மைதானத்தில் சரிந்தானே எறும்பு என்று நாங்கள் கூப்பிடும் பையன், இன்று வரை ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறானே, அவனுக்கு என்ன நடந்தது என்பதில் மீதிப் பாதி என்னிடம்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒழுங்காகப் புரிய வேண்டுமென்றால் புதுக் கோச் வந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கல்லூரியில் அவருக்கு முன் மூன்று தலைமைக் கோச்சுகளுக்கு நான் இரண்டாவது ஆளாக இருந்திருக்கிறேன். உடற்பயிற்சி, முதலுதவி, பந்து, வலை, கோடு போடுவது, பையன்களுடைய காதல் தோல்வி என்று எல்லாம் என் பொறுப்பு. மூன்றாமவர் ஓய்வு பெற்றபோது அடுத்தது நான்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நூலகர் கைகொடுத்தார். வாசல் காவலாளி, இதுவரை எனக்கு வணக்கம் வைக்காதவர், எழுந்து நின்றார். என் மனைவி கருநீலத்தில் ஒரு டிராக் சூட் வாங்கி வந்து, கால் நீளமாக இருக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்து மடித்துத் தைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசை இல்லாமலா.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

“மாஸ்டர், நீங்க இல்லாம இந்த டீம் ஒரு நாள்கூட ஓடாது. அது எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் உங்கள அந்த இடத்துலயே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

ஒருவரை இவ்வளவு பக்குவமாக ஒதுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி டிராக் சூட்டை மடித்தபடி, “விடுங்க. காலைல நடக்கப் போறப்ப போட்டுக்கலாம்” என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். முதல்வர் சொன்னதைவிட அது எனக்கு வலித்தது.

புதுக் கோச்சை எனக்குப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் பொறாமை என்று சுலபமாக எழுதிக்கொண்டு போய்விடலாம். என் கடைசித் தம்பியின் வயதுதான் அவருக்கு. கழுத்தில் விசில் தொங்கும், ஊதவே மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பையன் நிற்கும் இடம் வரை நடந்து போய்க் காதருகே சொல்வார். பையன்கள் அவருக்கு ஊமை விசில் என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கு எட்டியபோது, “இதுக்கு முன்னாடி வேலை பாத்த இடத்துல இதவிட மோசமா வச்சிருந்தாங்க” என்று சிரித்தார். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிற அணி எங்களுடையது. அந்த வருஷம் ஜெயிக்கத் தொடங்கியது. கல்லூரியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

வந்த வாரமே அவர் ஒரு விதி போட்டார். நீங்கள் விசாரிக்க வந்த விஷயம் முழுக்க அந்த விதியில்தான் இருக்கிறது. பையன்களைக் கேலரி நிழலில் உட்கார வைத்துச் சொன்னார்:

“கீழ விழுந்தவன் எழுந்து ஆடறதா, வெளிய போறதாங்கறது என் முடிவு இல்ல. எனக்கு ஜெயிக்கணும்னு ஆசை. ஆசை இருக்கறவன் கண்ணு சரியாப் பாக்காது. உங்க முடிவும் இல்ல, உங்களுக்கு ஆடணும்னு ஆசை. அதனால மாஸ்டர் ஓடி வந்து பாப்பார். அவர் கைய விரிச்சுக் காட்டினா ஆடலாம். மணிக்கட்ட ஒன்னுமேல ஒன்னு குறுக்க வச்சுக் காட்டினா வெளிய. அதுக்கு மேல நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பி, “சரிதானே மாஸ்டர்?” என்றார்.

“சரி சார்” என்றேன்.

எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நான் கோடு போடும் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே அதை யோசித்துப் பார்த்தேன். ஆசை இருப்பவன் கண் சரியாகப் பார்க்காது. மாஸ்டர் கண் சரியாகப் பார்க்கும். அப்படியென்றால் மாஸ்டருக்கு ஆசை இல்லை. இத்தனை வருஷமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன பெரிய ஆசை இருந்துவிடப் போகிறது என்று அந்த நல்ல மனிதர் முடிவு செய்துவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

அந்த விதியை அவர் நிஜமாகவே மதிக்கிறாரா என்று பார்க்கத் தோன்றியது. லீக் சுற்றில் ஒரு ஆட்டம். சமநிலையில் இருந்தோம், ஜெயித்தால் முதலிடம். கேப்டன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஓடிப் போய் அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை, லேசான பிடிப்பு. எழுந்து நின்று மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். கேப்டன் வாயைப் பிளந்தான். கோச் கண் இமைக்காமல் வேறொருவனை உள்ளே அனுப்பினார். நாங்கள் தோற்றோம்.

உடை மாற்றும் அறைக்கு முதல்வரே வந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது. கேப்டன் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். கோச் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். “மாஸ்டர் கை காட்டினா காட்டினதுதான் சார். அவர் எதுக்குக் காட்டினார்னு நானே கேக்கல. நீங்களும் கேக்காதீங்க” என்றார். முதல்வர் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு ஆட்டத்தை என் இரண்டு கைகளால் முடித்து வைத்திருக்கிறேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கோச் பெயரில் இருந்தாலும் அணி என் கையில் இருக்கிறது. ஆனால் அது என்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது, அவருக்கும் சரியாகத் தெரியாது.

எறும்பைப் பற்றிச் சொல்கிறேன். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைப்பார்கள், அது இல்லை. மைதானத்தில் எங்கே விட்டாலும் தன் வரிசையைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விடுவான், அதற்காக வைத்தது. நடுக்களத்தில் ஆடுவான். நிற்க மாட்டான். அப்பா இல்லை. அம்மா வீட்டில் தையல் எந்திரம் வைத்திருக்கிறார். அணியின் ஜெர்சிகளில் எண் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். தன் மகனுடைய எண்ணுக்கு மட்டும் இரண்டு வரி தையல் போட்டிருப்பார். மற்றவர்களுடையது பிரிந்தால் பிரியட்டுமா என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் கோச்சின் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். “பாத்துக்குங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். பயிற்சி என் கைக்கு வந்தது. மற்றவர்களை அனுப்பிவிட்டு, கார்னர் பந்து பழக எறும்பையும் கதவையும் மட்டும் நிறுத்திக்கொண்டேன். மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தது நான். இருவரும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். பலகையில் பலகை மோதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கதவு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். எறும்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அவனும் எழுந்து உட்கார்ந்து, “ஸ்கோர் என்ன மாஸ்டர்?” என்றான். பயிற்சியில் ஏது ஸ்கோர். சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டான். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, மூன்றாவது தடவையும் கேட்டான்.

தலையில் பட்ட முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழக் கூடாது, லேசாக விழுந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும் என்று முதலுதவி வகுப்பில் ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன். அரைகுறையாக வேலை தெரிந்தவன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

கதவு பயந்து போயிருந்தான். “கோச்சுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடலாமா மாஸ்டர்?” என்றான். அவன் தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் அழைத்துப் போனேன். “சொல்லலாம். ஆனா உன் தலைதான் அவன் தலைல பட்டிருக்கு. நாளைக்கு ஏதாவதுன்னா முதல்ல உன் பேருதான் அடிபடும். யோசிச்சுக்கோ” என்றேன். அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன். அவன் யோசித்துக்கொண்டான். யோசித்து முடித்து உங்களிடம் வர அவனுக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

எறும்பு என்னிடம் கெஞ்சினான். கோச்சிடம் சொல்லிவிடாதீர்கள், இறுதிப் போட்டியில் உட்கார வைத்துவிடுவார் என்று கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோச் திரும்பி வந்து, “எல்லாரும் நல்லா இருக்காங்களா மாஸ்டர்?” என்று கேட்டபோது, “நல்லா இருக்காங்க சார், அப்பா எப்படி இருக்கார்?” என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இறுதிப் போட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும், படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் படத்தில் என் முதுகுதான் தெரியும். இரண்டாம் பாதியில் சமநிலை. எதிரணிப் பையன் ஒருவன் வெளியே தட்டிவிட்ட பந்து எறும்பின் தலையின் பக்கவாட்டில் பட்டது. வேகமே இல்லை. ஒரு குழந்தை எறிந்தால் எப்படிப் படுமோ அப்படி. அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். நான் ஓடினேன். பெஞ்சுக்கு முதுகு காட்டியபடி அவன் முன்னால் மண்டியிட்டேன்.

ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகியிருந்தது. என்னைப் பார்த்தான். கோபமில்லை, பயம்கூட இல்லை. “மாஸ்டர், நாம எந்தப் பக்கம் அடிக்கணும்?” என்று கேட்டான்.

நான் எதிரணியின் கோல் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். பிறகு எழுந்து திரும்பினேன். கோச் கோட்டருகே வந்து, குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. நான் என்ன காட்டினாலும் அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் கையை விரித்துக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கைதட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எறும்பு அதற்குப் பிறகும் ஓடினான். அவன் தலை மறந்ததைக் கால் மறக்கவில்லை போல. அவன் தள்ளிவிட்ட பந்தில்தான் கேப்டன் வெற்றிக் கோலைப் போட்டான். ஆட்டம் முடிந்தது. எல்லோரும் கோச்சைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எறும்பு மட்டும் நடுவட்டத்தில் தனியாக நின்றான். மெல்ல உட்கார்ந்தான். பிறகு ஒருக்களித்துப் படுத்தான். தோள் மேலே உயரத்தில் இருந்ததால் கோச்தான் முதலில் பார்த்தார். “இறக்கி விடுங்கடா” என்று அவர் போட்ட சத்தம் அந்தக் கூட்டத்திலும் எனக்குக் கேட்டது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவன் அம்மா அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உடையில் அங்கங்கே நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. “மத்தப் பிள்ளைங்க மாதிரி இவனும் சந்தோஷத்துல படுத்துக் கெடக்கான்னு நெனச்சேண்ணா. கை தட்டிட்டு இருந்தேன்” என்றார். நான் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அவன் கண்ணப் பாத்தீங்களா மாஸ்டர்?”

“பாத்தேன் சார்.”

“சரி” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. தான் போட்ட விதியை அந்த நேரத்திலும் அவர் மீறவில்லை.

கல்லூரி நடத்திய விசாரணையில் நான் பேசியதை நீங்கள் படித்திருப்பீர்கள். இன்று யாரையும் வெளியே எடுக்கக் கூடாது, எவன் விழுந்தாலும் கையை விரித்துத்தான் காட்ட வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் கோச் என்னிடம் சொன்னார் என்று சொன்னேன். அப்படி அவர் சொல்லவில்லை. எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். உண்மையா என்று அவரைக் கேட்டார்கள். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “டீம் என்னுது, பொறுப்பும் என்னுது” என்று மட்டும் சொன்னார். இல்லை என்று மறுத்திருக்கலாம், வாய் இருந்தது. மறுக்காதது அவருடைய விருப்பம்.

எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று ஆகிவிட்டது. இப்போது ஒரு காலணிக் கடையில் இருக்கிறார். ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போனபோது கண்ணாடிக்குள் பார்த்தேன். ஒரு சிறுமியின் பாதத்தைக் கையில் ஏந்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். கழுத்தைப் பார்த்தேன், விசில் இல்லை. அதைப் பார்த்து ஏனோ எனக்கு அழுகை வந்தது. எதிர்ப் பக்கம் போய்விட்டேன்.

எனக்குப் பதவி கிடைத்தது. கருநீல டிராக் சூட்டை மனைவி எடுத்துத் தரவில்லை, நானே அலமாரியில் துழாவி எடுத்துக்கொண்டேன். அவள் எதுவும் கேட்பதில்லை. ஆனால் முன்பெல்லாம் ஆட்டம் முடிந்து வந்தால் என்ன ஆயிற்று என்பாள். இப்போது சாப்பிட வாங்க என்பதோடு சரி.

பையன்கள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் அணியில் யாரும் விழுந்து கிடப்பதில்லை. விழுந்தால், நான் ஓடி வருவதைப் பார்த்தவுடன் எழுந்துவிடுகிறார்கள். ஒருவன் கால் விரல் எலும்பு முறிந்த நிலையில் முழு ஆட்டமும் ஆடியிருக்கிறான். அவன் அப்பா வந்து சத்தம் போட்ட பிறகுதான் எனக்கே தெரியும். நல்ல கட்டுப்பாடு என்று முதல்வர் பாராட்டினார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

எறும்பு தினமும் வருகிறான். பழகின இடம், பழகின முகம் என்றால் நினைவு திரும்பலாம் என்று டாக்டர் சொன்னாராம். அவன் அம்மா எந்திரத்தை மூடிவிட்டு அவனைக் கூட்டி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைக்கிறார். பந்து எங்கே போனாலும் அவன் பார்ப்பதில்லை. வாயோரம் வழிவதைத் துடைக்கத் தெரியவில்லை. கேப்டன் வந்து முன்னால் நின்று பேர் சொல்லிப் பார்த்தான், அழுதான், ஒன்றும் பலனில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் போனால் அவன் வலது கை மடியிலிருந்து மெல்ல எழுகிறது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டுகிறான். நான் அவனைத் தாண்டிப் போகும் வரை இறக்குவதில்லை.

“பாருங்கண்ணா, உங்களப் பாத்தா மட்டும்தான் கைய தூக்கறான். உங்க மேல அவ்வளவு பாசம் வச்சிருந்திருக்கான்” என்று அவன் அம்மா சொல்கிறார். எனக்காகப் பிரார்த்தனை செய்வதாகவும் சொன்னார்.

இப்போது கேலரிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் போகிறேன். பிரயோஜனமில்லை. தெருவில் போக்குவரத்துக் காவலர் கையை விரித்து நிறுத்தினால், மற்றவர்கள் நகர்ந்த பிறகும் நான் நின்றுவிடுகிறேன், பின்னால் ஹார்ன் அடித்துத் திட்டுகிறார்கள். முகம் கழுவக் கையை ஏந்தினால் தண்ணீர் நிறைவதற்குள் மூடிவிடுகிறேன். பேரன் என்னிடம் பலூன் கேட்டுக் கையை நீட்டினான். அவனை அறைந்துவிட்டேன். ஏன் தாத்தா அடித்தார் என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஒருபோதும் இல்லை. அவன் மயங்கி விழ வேண்டும் என்று நினைத்தேன். நிறைந்த மைதானத்தில், எல்லோரும் பார்க்க. ஒரு வாரம் ஆஸ்பத்திரி, பிறகு பழையபடி ஓடுவான். அதற்குள் அடிபட்டவனை ஆட விட்ட கோச் என்று பேச்சு கிளம்பும், முதல்வருக்கு ஏற்கெனவே அவர் மேல் கடுப்பு, மீதி தானாக நடந்துவிடும். கையை விரித்த நேரத்தில் என் மனதில் இருந்தது அவ்வளவுதான். ஒரு வாரம். ஒரு பையனுடைய ஒரு வாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நான் எடுத்தது இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், மறைக்கவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது. கதவுக்கு இது தெரியாது, யாருக்கும் தெரியாது. எறும்பு கெஞ்சினான் என்று சற்று முன் சொன்னேன் அல்லவா. அதை இத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில், அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. அவன் கெஞ்சவில்லை. இறுதிப் போட்டி அன்று காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், இதே அறைக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மாஸ்டர், எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நான் இன்னைக்கு ஆடல. கோச்கிட்ட நானே சொல்லிடறேன், திட்ட மாட்டார்” என்றான்.

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். “தாராளமா சொல்லு. ஆனா அவங்கப்பா ஆஸ்பத்திரில கெடக்கார், மனுஷன் நொந்து போயிருக்கார். இந்த நேரத்துல போய் இதையும் அவர் தலைல வைக்கணுமா? உங்கம்மா வேற முதல் தடவையா உன் ஆட்டத்தப் பாக்க வராங்க” என்றேன்.

“நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?” என்று கேட்டான்.

“உன்னால முடியும்னு உனக்குத் தோணினா ஆடு” என்றேன்.

பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான். லேஸைக் கட்டப் பார்த்தான், விரல்கள் நூலைத் தாண்டித் தாண்டிப் போயின. மறுபடி முயன்றான், வரவில்லை. சின்னக் குழந்தையைப் போல என்னை நிமிர்ந்து பார்த்தான். நான்தான் குனிந்து இரண்டு காலுக்கும் கட்டிவிட்டேன், அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சாகப் போட்டேன். ஆனால் நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். ஆடுவது என்று முடிவெடுத்தது அவன்தான்.